வரப்புக்கு இரண்டு பக்கமும் தை மாதம்

அண்ணே,

இன்று காலை நம் நிலத்துக்குப் போயிருந்தேன். வரப்பில் நடக்கும்போது ஒரு முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது. உட்கார்ந்து பிடுங்கிப் பார்த்தேன். வேலிக்கருவை முள். என் பக்கத்தில் அந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது. உன் பக்கத்திலிருந்து காற்றில் வந்து விழுந்த காய்ந்த கிளையின் முள் அது. போய்ச் சேர்ந்த பிறகும் நீ எனக்கு முள் அனுப்புவதை நிறுத்தவில்லை. கோபத்தோடுதான் எழுந்தேன். எழுந்து ஊன்றிய கால் மண்ணில் லேசாகப் புதைந்தது. ஈரம். தை பிறந்தும் காயாத ஈரம். அதை மிதித்ததும் எனக்குப் படபடவென்று வந்துவிட்டது. நாம் இருவரும் பேசிக்கொள்ளாமலே ஒரே நாளில் காடு அழித்தோமே, அந்தத் தை மாதத்தில் வந்த அதே படபடப்பு.

நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். எண்பதுகளின் கடைசியில், வன்னியம்பட்டிப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தைப் பாகம் பிரித்தோம். கிணற்றையும் தென்னையையும் நீ எடுத்துக்கொண்டாய். மீதி இருந்த வேலிக்கருவை முள்ளுக்காட்டை மட்டும், நியாயம் தவறாத ஆள் போல, நடுவில் வரப்புப் போட்டுச் சரிபாதியாகப் பிரித்தாய். மாமா முன்னால் நீ சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது. "அவனுக்கு எம்.எஸ்.சி. இருக்கு மாமா. எனக்கு இந்தத் தென்னையை விட்டா என்ன இருக்கு?" அன்றைக்கு உன்னோடு பேச்சை நிறுத்தியவன்தான்.

ராஜபாளையத்தில் மில் ஆபீஸ் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளில் வந்து அந்தக் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவேன். உள்ளே நுழைய வழி இருக்காது. ஆலங்குளத்திலிருந்து ஒருவர், அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கும் என்ற நம்பிக்கையில், விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரி கெடு வைத்துவிட்டாள். "அடுத்த வருச ஆனிக்குள்ள நிலம் உழுது கிடக்கணும். இல்லாட்டி அவருக்கே கொடுத்துருங்க. முள்ளைப் பாக்கவா வாரம் வாரம் போறீய?" கொடுக்க எனக்கு மனமில்லை. அப்பாவின் மண் என்ற பாசமெல்லாம் இல்லை. நான் விற்றுவிட்டு ஓடிவிடுவேன் என்று நீ டீக்கடையில் சொல்லியிருந்தாய். அது எனக்கு வந்து சேர்ந்திருந்தது.

அந்தச் சித்திரையில் நீ முந்திக்கொண்டாய். கரிமூட்டம் போடுகிறவர்களைக் கூப்பிட்டு உன் பாதியை விட்டுக்கொடுத்தாய். இலவசமாக வெட்டி, அங்கேயே மூட்டம் போட்டு, கரியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நிலம் மொட்டையாகப் பளபளவென்று கிடந்தது. ரோட்டில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினாய். "ஏலே, பாத்தியா? ஒத்தப் பைசா செலவில்ல! பக்கத்துக் காட்டுக்காரரு இன்னும் புஸ்தகம் படிச்சுக்கிட்டு இருக்காரு." நான் வரப்பில் நிற்பது தெரிந்துதான் அம்புட்டுச் சத்தமாகச் சொன்னாய்.

நான் படித்துக்கொண்டிருக்கவில்லை. எங்கள் மில்லுக்குப் பின்னால் இதே மரத்தைக் கோடைக்குக் கோடை வெட்டினார்கள். கோடையில் தரை கல்லாக இறுகியிருக்கும். கோடாரி தரைக்கு மேலேதான் நிற்கும், தூர் உள்ளே பத்திரமாக இருக்கும். முதல் மழைக்கு ஒரு தூரிலிருந்து கொத்தாகக் கிளம்பி வரும். ஒரு கார்த்திகையில் அடித்த காற்றில் ஒரு மரம் மட்டும் வேரோடு சாய்ந்தது. அந்த இடத்தில் பிறகு எதுவும் முளைக்கவில்லை. எனக்குப் பிடிபட்டுவிட்டது. மழை நின்று, மண் இளகி இருக்கும்போதே தூரோடு பிடுங்க வேண்டும். பங்குனியில் காய் பழுத்து உதிர்வதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். தை மாதத்தை விட்டால் வேறு வழியில்லை.

கார்த்திகையில் உன் மொட்டை நிலம் முழுக்க இடுப்பளவுக்குப் புதர் கிளம்பியது. சொன்னால் என்ன, அந்த மாதம் நான் சந்தோஷமாகத் தூங்கினேன்.

பிறகுதான் இடி விழுந்தது. உன் ஆடுகள் வரப்பைத் தாண்டி என் காட்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவை போகிற இடமெல்லாம் புழுக்கை. உன் பக்கத்து மரம் காய்த்தால், ஆடு தின்றால், விதை என் நிலத்தில்தான் வந்து விழும். நான் மட்டும் எத்தனை தூர் பிடுங்கினாலும் வீண். நீயும் அதே தையில் பிடுங்கியாக வேண்டும். உன்னிடம் நான் பேசியாக வேண்டும்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் வாசலில், நீயும் மதினியும் பொங்கல் தொன்னையோடு நின்றீர்கள். என் வீட்டுக்காரி முதுகில் கைவைத்துத் தள்ளினாள். நான் மதினியைப் பார்த்துச் சொன்னேன்.

"மதினி, பொங்கல் முடிஞ்சதும் காட்டுக்கு டிராக்டர் வருது. உங்க வீட்டுக்காரரையும் தூரைப் பிடுங்கச் சொல்லுங்க. இல்லாட்டி ரெண்டு பேருக்கும் பிரயோசனமில்லை."

நீ கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "ஏட்டி, டிராக்டர் செலவு யாரு தருவான்னு கேளு."

"ஆளுக்குப் பாதின்னு சொல்லுங்க மதினி."

"என் பக்கம் புதர் சின்னது. பாதி எப்படின்னு கேளு."

மதினி தொன்னையை உன் கையில் திணித்தாள். "நீங்களாச்சு உங்க தம்பியாச்சு. பொங்கல் ஆறுது."

நீ சம்மதம் என்று சொல்லவே இல்லை. ஆனால் அந்தத் தை மாதக் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கடப்பாரையோடு எனக்கு முன்னால் நின்றிருந்தாய்.

என்ன நாள் அண்ணே அது! கடப்பாரை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. தூரைச் சுற்றிக் குழி பறித்து, இரும்புச் சங்கிலியை மாட்டி, டிராக்டர் ஒரு இழுப்பு இழுத்தால், ஆணிவேர் ஆள் நீளத்துக்கு வெளியே வந்து விழும். வேர் கிழிந்த மண்ணிலிருந்து பச்சை வாசம் குப்பென்று கிளம்பும். ஒவ்வொரு தூர் வரும்போதும் ஆட்கள் ஓவென்று கத்தினார்கள். நானும் கத்தினேன். எதிர்ப்பக்கம் உன் குரலும் கேட்டது.

"டிரைவர், அந்தாளுட்டச் சொல்லுங்க, பக்கவேரை வெட்டாம இழுத்தா அத்துப்போகும்" என்பேன் நான்.

"டிரைவரு, எனக்குத் தெரியும்னு சொல்லும்" என்பாய் நீ.

மதியத்துக்குள் அவர் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல? நடுவுல நான் என்ன ரேடியோப் பெட்டியா?"

கடைசியாக வரப்பின் மேலேயே நின்ற பெரிய மரம். வேர் இரண்டு பக்கமும் ஓடியிருந்தது. உன் ஆளும் என் ஆளும் சேர்ந்து பறித்தார்கள். சங்கிலியைச் சரிசெய்ய நான் கையை உள்ளே விட்டிருந்தேன். அது தெரியாமல் டிராக்டர் நகர்ந்துவிட்டது.

"ஏலே தம்பி! கையை எடுலே!"

உருவிக்கொண்டேன். கை இருந்த இடத்தில் சங்கிலி இறுகி, மரப்பட்டை தூளாகத் தெறித்தது. நீ மூச்சு வாங்க நின்றாய். உன் முகம் வெளுத்திருந்தது. பாகம் பிரித்ததிலிருந்து நீ எனக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "செத்த நேரம் உக்காரு" என்று உன் தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாய். குடித்தேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இதைவிட நல்ல மடல் ஒன்று எழுதியிருப்பேன். ஆனால் அந்த மரம் வேரோடு வந்தபோது, அது கவ்வியிருந்த எல்லைக்கல்லும் சேர்ந்து வந்துவிட்டது. கல்லை எங்கே திரும்ப நடுவது? நீ ஒரு இடம் காட்டினாய். நான் ஒரு இடம் காட்டினேன். பொழுது சாயும்வரை கத்தினோம், இந்த முறை டிரைவர் இல்லாமல், நேருக்கு நேராக. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கல் என் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டிருந்தது. மோர் கொடுத்த அதே கை. மறுபடியும் பேச்சு நின்றது. நீ போகும்வரை நின்றதுதான்.

ஆனியில் ஆலங்குளத்துக்காரர் வந்தபோது நிலம் கோடை உழவு முடிந்து சிவப்பாகப் புரண்டு கிடந்தது. என் வீட்டுக்காரியே வாசலில் நின்று சொல்லி அனுப்பினாள். "விக்கிற மாதிரி இல்லங்க. பருத்தி போடப்போறாவ." நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் பையன்கள் சென்னையில் இருக்கிறார்கள். உன் பக்கத்தை எட்டிப் பார்க்கவும் ஆளில்லாமல் வேலிக்கருவை மறுபடியும் மண்டிக் கிடக்கிறது. சித்திரையில் யாரையாவது விட்டு வெட்டிக்கொள்ளச் சொல்கிறேன் என்று பெரியவன் போனில் சொன்னான். "வேண்டாம்லே" என்று கத்திவிட்டேன். பயந்துபோய் வைத்துவிட்டான்.

காலில் முள் ஏறிய இடம் இன்னும் வலிக்கிறது. கல்லும் அந்த ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறது. இன்று காலையும் அதைப் பார்த்துத் திட்டினேன். திட்டிக்கொண்டேதான் அதைத் தாண்டி உன் நிலத்துக்குள் இறங்கினேன். மண் இளகி இருந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று. அடியில் பிடித்து இழுத்தேன், நுனிவேரோடு வந்தது, அந்தப் பச்சை வாசத்தோடு. அடுத்ததைப் பிடித்தேன். பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது அண்ணே. பெரிய மரங்களுக்கு நாளைக்கு டிராக்டர் சொல்லியிருக்கிறேன். செலவில் உன் பாதியை உன் பெயரில்தான் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.