டாக்டர் ‘சாமா’ சொன்ன நாட்கள்

ஊருக்கெல்லாம் சார், எனக்கு மட்டும் மொட்டை அண்ணே,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பத்திரிகையில் உன் படத்தோடு நாலு வரி போடலாம் என்றார் அம்மா. நாலு வரியில் நான் அடங்குவேனா? அதனால்தான் இந்தக் கடிதம். ஊரே படிக்கும், நீ கண்டுகொள்ளாதே.

முதலில் நம் ஜவுளிக்கடை அக்காவின் சேதி. பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு இன்னும் அவர்தான் வானொலி. உன் தொடையில் வந்த புற்றுக்கட்டிக்கு சார்கோமா என்று பெயர் என அம்மா அழுதபடி சொல்ல, “தமிழ்ப்பள்ளி சார் கோமாவாம்!” என்று தெரு முழுக்க ஒலிபரப்பியவர். ஆப்பிள் பையோடு விம்மிக்கொண்டு வந்தவருக்கு, முறுக்கை மென்றபடி கதவைத் திறந்தாய்.

“ஐயோ தம்பி, கோமான்னாங்களே!”

“இப்பத்தாங்க்கா எழுந்தேன்.”

அன்றைக்கு நான் உன்னிடம் தோற்றேன். இப்போதெல்லாம் அக்கா எந்த வியாதியின் பெயரையும் ரெண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அழுகிறார்.

முதல் மருந்து ரோஸ் சிராப் மாதிரி சிவப்பு. அது உன் முடியைக் கரைத்தது, கட்டியைக் கரைக்கவில்லை. கட்டி நுரையீரலுக்கும் போய்விட்டது. இரண்டாவது மருந்து கொடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்ட அன்று, நீ நேராகவே கேட்டாய், குணமாகுமா என்று. டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. கட்டி சுருங்குவது கொஞ்சப் பேருக்குத்தான், சிலருக்கு வளராமல் நிற்கும், எத்தனை காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

“கட்டியச் சுருக்காத மருந்து எதுக்குடா? உடம்ப வதைக்கவா?” என்றார் அம்மா.

“நின்னா போதும்மா. எனக்கு அதே வேணும்லா. அதே பள்ளிக்கூடம், அதே சனிக்கிழமை மீ கோரெங், அதே இந்த வாலு.”

நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாய் ஏற்றினார்கள். நீ போகும் மூத்திரத்தையெல்லாம் அளந்தார்கள். “சாருக்கே பரீட்சையா?” என்றேன். “ஆமா, மார்க்கு மில்லிலிட்டர்ல,” என்றாய்.

பிறகு ஸ்கேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “சாமா,” என்றார். அதே மாதிரிதான் இருக்கிறது என்று மலாயில். குறைந்திருக்கிறது என்ற சொல்லுக்காக வந்த அம்மாவின் முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் மரியாதைக்கு, “தெரிமா காசே,” என்று நன்றி சொன்னார்.

“அம்மா டாக்டர்கிட்ட காசு தெரியுமான்னு கேக்குறாங்க,” என்று உன் காதில் ஓதினேன்.

“சாமா-சாமா,” என்றார் டாக்டர்.

“ஏண்டி, ரெண்டு தடவ சொல்றாங்க? ரெண்டா ஆயிருச்சா?”

நன்றிக்கு மலாயில் அதுதான் பதில் என்று பினாங்கிலேயே பிறந்த அம்மாவுக்குத் தெரியாதா? பயத்தில் மறந்துபோச்சு. நீ சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு ‘சாமா’ நம் வீட்டுப் பண்டிகை. அந்தச் சனிக்கிழமை மீ கோரெங் கடையில் மூன்று தட்டு வறுத்த நூடுல்ஸ். “காரம் பத்தல” என்று நீ, “வாயெல்லாம் புண்ணு, உனக்குக் காரமா?” என்று அம்மா. அதே மேசை, அதே சண்டை. மருந்து உனக்கு வாங்கிக் கொடுத்தது அதுதான். குறைச்சலா அது?

ஒரு நாள் டாக்டர் ‘சாமா’ சொல்லவில்லை. “டுடோக் டுலு,” என்றார். முதலில் உட்காருங்கள். அம்மா நின்றுகொண்டே இருந்தார். நீதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். “மருந்து போதும் டாக்டர்,” என்றபோதும் உன் குரல் சாமாதான். எப்படி அண்ணே?

நீ போன பிறகு அம்மா அந்த மீ கோரெங் கடைப் பக்கமே போவதில்லை. போன வாரம் பசார் சந்தையில் டாக்டரைப் பார்த்தோம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “தெரிமா காசே,” என்றார்.

“சாமா-சாமா.”

இந்தத் தடவை அம்மா பதறவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்குல்ல?” என்றார்.

“இருக்கும்மா. சேர்ந்துன்னு அர்த்தம்.”

“அப்போ சனிக்கிழமை போலாமா?”

போகப்போகிறோம் அண்ணே. மூன்றாவது தட்டு கேட்க மாட்டேன், அம்மா தாங்கமாட்டார். ஆனால் “காரம் பத்தல” என்று உன் சண்டையை நான் போடுவேன், ஒவ்வொரு சனிக்கிழமையும். சத்தியம்.

தெரிமா காசே அண்ணே. நீ பதில் சொல்ல வேண்டாம். அம்மாவும் நானும் சாமா-சாமா போய்விட்டு வருகிறோம்.

உன் அதே
வாலுத் தங்கச்சி