சத்தம் போடாதே, அம்மா தூங்குகிறாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே பாப்பா சுகம், அவள் அப்பா சுகம். மீதி இருக்கிற ஒரு ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ 'என்னடி?' என்று ஒரு தரம் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அப்புறம் பாப்பா ஓட்டப் பந்தயத்தில் விழுந்து எழுந்த கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். கொஞ்ச காலமாக அப்படித்தான் நடக்கிறது.

மூட்டு வலி என்று மட்டும் உனக்குச் சொல்லியிருந்தேன். வலி பாதிதான் அக்கா. இன்னொரு பாதி தூக்கம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிற நோயாம். போகாது, கூடவே இருக்கும், மாத்திரையால் அடக்கி வைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அசதியும் இந்த நோயோடு சேர்ந்தே வருமாம். அசதி என்ற சொல் போதாது. ஈரத் துணி மூட்டையை மேலே போட்டு அமுக்கினது போல் இருக்கும். இரவெல்லாம் தூங்கி எழுந்தும், பல் தேய்த்த களைப்புக்கே மறுபடி படுக்க வேண்டியிருக்கும். வீட்டில் முதல் ஆளாக எழுந்து எல்லோரையும் உதைத்து எழுப்பினதற்காக எனக்குச் சேவல் என்று பேர் வைத்தவள் நீ. இப்போது வெயில் முகத்தில் அடித்தாலும் அந்தச் சேவல் அசைவதில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பாப்பா அப்பா சரக்குக் கிடங்கில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, போட்டது போட்டபடி கிடக்கும் பாத்திரங்களைச் சத்தம் வராமல் தேய்ப்பார். 'நீ படு, நான் பாத்துக்கறேன்' என்பார். அவர் ஒவ்வொரு தட்டையும் பூப்போல எடுத்து வைப்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி கிடப்பேன். விடிந்தும் தூங்குகிறவள் வீட்டில் மூதேவி குடியேறுவாள் என்று அம்மா சொல்வாளே, அது காதில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே தூங்கியும் விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வேலைக்குப் போயிருந்தார். சாப்பிட்டதும், கொஞ்ச நேரம் தலை சாய்க்கிறேன் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். கண் விழித்தபோது அறை இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கூப்பிட்டேன், பதில் வரவில்லை. சமையலறைத் தரையில் பால் கொட்டி ஆடை படிந்து கிடந்தது. அடுப்பை அணைத்திருந்தாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். பாப்பா ஈரத் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தாள். வாயில் துண்டு. அதைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஏன் என்னை எழுப்பவில்லை என்று கேட்டேன். துண்டை எடுத்துவிட்டு, 'நீ தூங்கிட்டிருந்தே. சத்தம் போடக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு' என்றாள். அவளுக்கு ஏழு வயசுதான், அக்கா.

பால் சுட்ட புண் ஆறிவிட்டது. மணிக்கட்டில் தோல் மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. அவர் அன்றைக்கும் திட்டவில்லை. 'யார் வீட்லயும் நடக்கும்' என்றார். பிறகு வெளியே போய் மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இனித் தூங்கக் கூடாது என்று அன்றே முடிவு கட்டினேன். தூங்க வைப்பது மாத்திரைதான் என்று நானாகவே தீர்மானித்தேன். காலையில் அவர் எதிரிலேயே வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, குளியலறைக் குழியில் துப்பினேன். விடியுமுன் எழுந்து வீட்டைக் கழுவினேன். பாப்பாவுக்கு இரட்டைச் சடை பின்னினேன். அவர் முகம் தெளிந்தது. 'இப்பப் பரவாயில்ல போலிருக்கே' என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் துப்பியிருப்பேன்.

தூக்கம் எங்கும் போகவில்லை. பஸ்ஸில் வந்தது, கழிப்பறையில் உட்கார்ந்தபடி வந்தது, கடைசியில் தையல் கம்பெனியில் நின்றபடியே வந்தது. அங்கே என் வேலை துணி வெட்டுவது. துணியை அடுக்கடுக்காக விரித்து, கோடு போன வழியே மின்சாரக் கத்தியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் செருகிவிட்டது. எதிர்ப்பக்கம் துணி பிடித்திருந்தவள் என் சட்டையைப் பற்றி இழுத்தாள். விரல் தப்பினது நூலிழையில். சூப்பர்வைசர் வந்து, 'வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?' என்று கேட்டுவிட்டு, தைத்த துணியில் பிசிறு நறுக்குகிற பெஞ்சுக்கு என்னை மாற்றிவிட்டார்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் கால் வீங்கியிருப்பதைக் கவனித்தேன். செருப்பு வார் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைத்தது. காலையில் முகம் உப்பியிருந்தது. அவரோ, நான் கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டார்.

டாக்டரம்மாவிடம் தனியாகத்தான் போனேன். பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். பொய் சொல்லத்தான் வாய் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 'உங்களத் தூங்க வச்சது மாத்திரை இல்லம்மா, நோய்தான். காய்ச்சல்ல கெடக்குறவளைச் சோம்பேறின்னு யாராவது சொல்வாங்களா? உங்கள மட்டும் ஏன் அப்படிச் சொல்லிக்கறீங்க?' என்றார். நோய் சிறுநீரகம் வரை போய்விட்டதாம். எவ்வளவு என்பதை, ஊசி செலுத்திச் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியுமாம். அப்புறமும் ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலையே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குழியில் துப்பினது உட்பட. 'நா உன்ன ஒரு வார்த்தை சொன்னேனா?' என்று கேட்டார். இல்லை என்றேன். 'சொல்லியிருக்கணுமோ என்னமோ' என்றார். மறுநாளிலிருந்து பாத்திரத்தைக் கடகடவென்று உருட்டித்தான் தேய்க்கிறார். பாட்டு வேறு பாடுகிறார், கேட்கச் சகிக்காது. நான் படுக்கிற நேரத்தில் பாப்பாவைக் கீழ்வீட்டு டீச்சர் பார்த்துக்கொள்கிறார். வாய் விட்டுக் கேட்க எனக்கு உயிர் போனது. இதற்கா இத்தனை தயக்கம் என்று டீச்சர் சிரித்துவிட்டார்.

மாத்திரை மறுபடி உள்ளே போகிறது. பகலிலும் படுக்கிறேன். குற்றவுணர்ச்சியும் கூடவே படுக்கிறது. முன்பு நெஞ்சின் மேல் படுத்திருந்தது, இப்போது கால்மாட்டில்.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. நேற்று நான் கண் விழித்தபோது பாப்பா என் முகத்தருகே மண்டியிட்டிருந்தாள். அவள் விரல் என் மூக்குக்குக் கீழே இருந்தது. என்ன என்று கேட்டேன். 'ஒண்ணுமில்ல, காத்து வருதான்னு பாத்தேன்' என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். தினமும் பார்க்கிறாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அடுத்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கும் ஆயிரம் வேலை இருக்கும், தெரியும். ஆனாலும் வா அக்கா. பாப்பாவின் பழைய சட்டைகள் எல்லாம் குட்டையாகிவிட்டன, நீ வந்தால் இரண்டு பேருமாகப் போய் அவளுக்குப் பிடித்ததாக வாங்குங்கள். பெரியம்மா கூடவே படுக்கிறேன் என்று அடம் பிடித்தால் சரி என்று சொல். அவள் உன்னிடம் ஒட்டிக்கொண்டால் எனக்குப் பொறாமை வராது. ஒட்டிக்கொள்ளட்டும்.

நீ வந்து சேரும் நேரத்தில் அநேகமாக நான் தூங்கிக்கொண்டிருப்பேன். பாவம், அசந்து தூங்குகிறாள் என்று விட்டுவிடாதே. தோளைப் பிடித்து உலுக்கு. பேர் சொல்லிக் கூப்பிடு. நான் எழுந்திருக்கிற வரைக்கும் கூப்பிடு.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
தங்கை