பாலவாடி முற்றத்து வெள்ளை மணல்

1967 ஜூன் 5, திங்கள்

காலையிலிருந்தே காற்று. சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி. கொடியில் காய்ந்த துணியெல்லாம் மறுபடி தொட்டிக்கு.

வாங்க: வேப்பெண்ணெய், சாக்பீஸ், என் பெண் மல்லி சட்டைக்குப் பட்டன்.

சனிக்கிழமை மழைத் தண்ணீர் பாலவாடி முற்றத்தில் இன்னும் தேங்கி நிற்கிறது. அதன் ஓரத்தில் முனியம்மாவின் கோழிகள் காலை நீட்டிக்கொண்டு செத்துக் கிடந்தன. முனியம்மா பாலவாடிக்கு அடுத்த வீடு. அவள் பெண் செல்வியும் என்னிடம்தான் வருகிறாள்.

"கோழிச் சீக்கு டீச்சரம்மா. வருசா வருசம் வர்றதுதான்." இறகு பிடுங்க உட்கார்ந்துவிட்டாள். சமைக்காதே என்றேன். இன்னாத்துக்கு என்றாள். எதையோ சொல்லி மழுப்பினேன். கடைசியில் குழி தோண்டிப் புதைத்தாள், என்னைத் திட்டிக்கொண்டே.

முற்றம் பள்ளமாக இருக்கிறது என்று போன மாதம் மாதர் சங்கத்தில் முடிவு செய்து, மேட்டு மணலை வண்டியில் கொண்டுவந்து கொட்டினோம். சயனைடு விட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற மணல். மாவு மாதிரி இருக்கும், பிள்ளைகள் காலில் குத்தாது. ஊரில் எத்தனையோ வீட்டுத் தரை அதில்தான். வண்டி வந்து நின்றபோது கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

கோழிச் சீக்காகவே இருக்கட்டும் சாமி.

ஜூன் 6, செவ்வாய்

பிள்ளைகளை வெளியே விடவில்லை. ஒரே அறை, தகரக் கூரை, புழுக்கம். பாட்டு, கதை, மறுபடி பாட்டு. என் தொண்டை போய்விட்டது.

சங்கத் தலைவி கனகவல்லியம்மா வந்தார். ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடைக் குடும்பம். நல்ல மனசு. பிள்ளைகளின் பால் பவுடருக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவர். வீடு வீடாக ஒட்டுவதற்குப் புது அட்டைகள் கொண்டுவந்தார். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கை கழுவு. சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வை.

மணலைப் பற்றிச் சொன்னேன்.

"வெயில் பட்டா அதோட வேகம் போயிடும்னு சொல்றாங்களேம்மா. எங்க வீட்டு மாடித் தளமே அந்த மணல்தான்."

"போயிருந்தா சரிங்கம்மா. போகலேன்னா?"

"மெதுவா பேசு. இது வெளியில தெரிஞ்சா நாளைக்கு ஒரு குழந்தை வராது. சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான்."

அதுவும் நிஜம்தான். மூடினால் இந்தப் பிள்ளைகள் எங்கே போகும்? தாய்மாரில் பாதிப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டிக் கட்டில் காலில் முடிந்துவிட்டுப் போன வீட்டை நானே பார்த்திருக்கிறேன். சங்கம் ஆரம்பித்ததே அதைப் பார்த்த பிறகுதான்.

அட்டை ஒட்டப் போகவில்லை. தலைவலி என்றேன்.

ஜூன் 7, புதன்

பிள்ளைகள் அடம். ஜன்னலில் ஏறிக் கத்தல். கதவைத் திறந்துவிட்டேன். தண்ணீர் வற்றிவிட்டதே என்று எனக்கு நானே சமாதானம்.

மல்லியை மட்டும் உள்ளே உட்கார வைத்துக்கொண்டேன். சளி என்று சொன்னேன். சளி இல்லை.

ரசத்தில் உப்புப் போட மறந்தேன். வீட்டுக்காரர் அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஜூன் 8, வியாழன்

செல்விக்கு விடியற்காலையிலிருந்து வாந்தி. முனியம்மா தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே. மணலைப் பற்றி டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன். முனியம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். வரிசையில் ஆட்கள். பொதுவாக, "மண்ணுல ஏதாச்சும் இருந்திருக்குமா டாக்டர்?" என்றேன். எதுவாகவும் இருக்கலாம், கெட்டுப்போன பழமாகவும் இருக்கலாம் என்றார். மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

மாலையில் கொஞ்சம் கஞ்சி குடித்ததாம்.

பயமாக இருக்கிறது. பயப்படுகிறேன் என்று யாரிடமும் சொல்ல முடியாததுதான் பெரிய பயம்.

ஜூன் 9, வெள்ளி

எழுத்து கோணல்.

பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது பூமி குலுங்கியது. ஏர்பிளாஸ்ட். கீழே சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்தால் மேலே வீடு ஆடும். டம்ளர்கள் உருண்டன. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் சுரங்க வாயை, ஷாஃப்டைப் பார்த்து ஓட்டம். முனியம்மாவின் புருஷன் கீழே, இவரும் கீழே. செல்வியை என் கையில் தள்ளிவிட்டு அவள் ஓடினாள். குழந்தை முகம் இன்னும் வாடித்தான் இருந்தது.

நான் எங்கே ஓடுவது? இத்தனை பிள்ளைகள். அடுத்த குலுக்கலில் சுவர் விழுந்தால்? வெளியே கூட்டிப் போவதைத் தவிர வழி இல்லை. வெளியே என்றால் அந்த முற்றம்தான்.

எல்லாரையும் மணலில் உட்கார வைத்தேன். செல்வியையும். மல்லியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. கை மரத்துப்போயும் இறக்கவில்லை. ஷாஃப்ட் பக்கமே கண். இவர் முகம்கூட நினைவுக்கு வர மறுத்தது. மணல்தான் தெரிந்தது.

வெகுநேரம் கழித்துத் தெருவில் குரல்: "கேஜ் வந்துட்டுது! எல்லாரும் மேல வந்துட்டாங்க!" கூண்டிலிருந்து இறங்கிய யாருக்கும் ஒன்றும் இல்லை.

முனியம்மா மூச்சிரைக்க வந்தாள். அழுதாள், சிரித்தாள், செல்வியை வாரி எடுத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எல்லாப் புள்ளயும் தரையில கீது. மல்லி மட்டும் இன்னாத்துக்கு இடுப்புல?"

"பயந்துட்டா."

"சிரிச்சினுதானே கீறா." செல்வியை மறு தோளுக்கு மாற்றினாள். "முந்தாநாளு சளின்னீங்க."

ஜூன் 10, சனி

காலையில் முனியம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோழி, மணல், சளி. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அப்போ எம்புள்ள?" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 11, ஞாயிறு

சங்கக் கூட்டம். தாய்மார்களையும் வரச் சொல்லிவிட்டேன். கனகவல்லியம்மா என்னைப் பார்த்த பார்வை! எழுந்து நின்று சொன்னேன்.

கூச்சல். "எங்களுக்குச் சுத்தம் சொல்லிக்குடுக்க வந்துட்டாங்க!" "எங்க வூட்டுத் தரையும் அதுதானே, இன்னா ஆச்சு?" "உனுக்கு ஆவலேன்னா யாருக்கும் ஆவாதா?"

மணலை அள்ளிவிடுவது என்று ஒருவழியாக முடிவு. எங்கே கொட்டுவது? பின் லைன் சாக்கடைப் பள்ளத்தில் போட்டுவிடலாம் என்றார் கனகவல்லியம்மா. பலரும் சரி என்றார்கள். எனக்கும் அந்த நிமிஷம் அப்பாடா என்றிருந்தது. எங்காவது போய்த் தொலைந்தால் போதும்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த முனியம்மாதான் பேசினாள்.

"அந்தப் பள்ளத்துல ஆடு தண்ணி குடிக்குது. அந்த லைன் புள்ளைங்க நம்ம சங்கத்துக்கு வரலன்னா அதுங்க புள்ளைங்க இல்லியா?"

கனகவல்லியம்மா முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன். "அவ சொல்றது சரி," என்றார். "எடுத்த இடத்துலயே கொண்டுபோய்க் கொட்டுவோம். முதல் கூடை என் தலையில."

மற்ற முடிவுகள்:
அதுவரை பிள்ளைகள் மாரிகுப்பம் பஜனைக் கூடத்தில்.
தண்ணீர் தெளித்து ஈரமாக்கித்தான் அள்ளுவது, தூசி பறக்கக் கூடாது.
வாயில் துணி.
கூலிக்கு ஆள் வைத்தால் என்ன மண் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

கடைசியைக் கேட்டதும், "சொன்னா எவன் வருவான்?" என்று ஒருத்தி. யாரும் வரமாட்டார்கள். அப்படியென்றால் நாங்களே.

ஜூன் 14, புதன்

வெயில். மூன்றாவது நாளாகச் சுமக்கிறோம். கழுத்து திரும்பவில்லை. கனகவல்லியம்மா சொன்னபடி வந்தார். தலையில் சும்மாடு, காலில் செருப்பு, விடாமல் ராம ராமா. ஜவுளிக்கடை அம்மா மண் சுமக்கிறார் என்று லைனே வேடிக்கை பார்த்தது.

மேட்டுக் காவலாளி மறித்தார். "மண்ணை எடுத்துனு போறவங்களைத்தான் புடிச்சிருக்கேன். கொண்டாந்து கொட்றவங்கள இன்னா பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லலியே!" தலையைச் சொறிந்துவிட்டு வழிவிட்டார்.

முனியம்மா எனக்கு முன்னால் நடக்கிறாள். கூடை தூக்கிவிடுகிறாள். பேசுவதில்லை.

அடி மண்வரை சுரண்டிவிட்டோம். சுரண்டிவிட்டோமா? ஓரங்களில் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. சுண்ணாம்பாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு இப்போது எல்லா வெள்ளையும் அதுவாகத்தான் தெரிகிறது, கோலமாவுகூட.

ஜூன் 17, சனி

வயல்காட்டிலிருந்து செம்மண். தோண்டும்போது நாங்களே பக்கத்தில் நின்றோம். கொட்டிப் பரப்பி மெழுகியாயிற்று. செல்வி நன்றாக இருக்கிறாளாம், முனியம்மாவின் எதிர்வீட்டுக்காரி சொன்னாள்.

இவரிடம் கேட்டேன், இனி பயமில்லையே என்று. "தினம் கீழே இறங்கறவன்கிட்ட கேக்கறியே," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 19, திங்கள்

மேகமூட்டம். பாலவாடி மறுபடி திறந்தோம்.

தாய்மார் எல்லாரும் வந்தார்கள். வாசலோடு நின்றுவிட்டார்கள். பிள்ளைகளின் கையை யாரும் விடவில்லை. வாங்க வாங்க என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

மல்லியின் செருப்பைக் கழற்றினேன். முற்றத்து நடுவில் விட்டேன். குடுகுடுவென்று ஓடினாள். குந்தினாள். ஒரு பிடி மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

அடியில் ஏதாவது மிச்சம் இருந்தால்? ஓடிப்போய்த் தட்டிவிட வேண்டும். ஆனால் வாசலில் ஒருத்தியும் மல்லியைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஓடினால் அவ்வளவுதான், ஒரு பிள்ளை உள்ளே வராது. நான் அசையவில்லை. பெற்றவள், நின்றுகொண்டே இருந்தேன்.

ஓடியது முனியம்மா. செல்வியின் கையை உதறிவிட்டு ஓடிவந்து, மல்லியின் வாயில் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள்.

"புள்ள மண்ணத் துண்ணுது, மரமாட்டம் நிக்கிறீங்களே! எந்த மண்ணா இருந்தா இன்னா, மண்ணு மண்ணுதானே!"

ஒன்பது நாளைக்கு அப்புறம் என்னோடு பேசியது அதுதான்.

செல்வி வாசலைத் தாண்டி வந்து மல்லி பக்கத்தில் உட்கார்ந்தது. முனியம்மா அதைத் திரும்பக் கூப்பிடவில்லை.