நாயாற்றுக்கு நான் போட்ட கணக்கு

முள்ளியவளை, 1964

யூலை 6, திங்கள்
சோழகக் காற்று. மேசையில் கடதாசி நிற்கவில்லை, மூலைக்கு மூலை கல். செருப்பு வார் அறுந்தது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

நிலத்தின் ஈர்ப்பை இடத்துக்கிடம் அளந்து வரையும் படத்தில், நாயாற்றுக்கு மேற்கே காடு இன்னும் வெள்ளையாகக் கிடக்கிறது. கருவியைக் கொண்டுபோகப் பாதை இல்லை. அப்படியே விட்டுக் கொழும்புக்கு அனுப்பலாம் என்கிறார் நில அளவைச் சேவையர் சபாநாதன் ஐயா. அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பவள் நான்; சுற்றிவர அளந்ததை வைத்துக் கணக்கால் நிரப்பலாம் என்றேன்.

"போகாத இடத்தில ஈர்ப்பு இவ்வளவு எண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

"பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒண்டோடொண்டு சம்பந்தப்பட்டது, ஐயா. திடீரெண்டு மாறாது."

"வியாழக்கிழமை நாயாற்றில அளக்கப் போறம். அதுக்கு முன்னம் எண்ணைச் சொல்லுங்கோ. சரிவந்தால் காட்டையும் நிரப்புவம்."

யூலை 7, செவ்வாய்
முதலில் ஒத்திகை. ஒட்டுசுட்டானில் அளந்த எண்ணை மறைத்துவிட்டு, மற்ற இடங்களை வைத்துக் கணித்தேன். கிட்ட உள்ளதற்குக் கூடிய மதிப்பு, தூர உள்ளதற்குக் குறைவு. ஒன்பது மில்லிகல் பிழை. ஈர்ப்பை அளக்கும் மிகச் சிறிய அலகுதான், ஆனாலும் ஒன்பது அதிகம். ஐயாவிடம் நானே சொன்னேன். "படம் சனிக்கிழமை போகவேணும்" என்றார், அவ்வளவுதான்.

ஜீப் ஓட்டும் காசிம் காக்காவுக்குச் சந்தேகம். "ஒரு றாத்தல் நிறை எங்கயும் ஒரு றாத்தல்தானே, மிஸ்?"

"நிலத்துக்கடியில கல்லுப் பாரமெண்டால் கொஞ்சம் கூட இழுக்கும், காக்கா. அந்த இழுவையாலதான் கடல் மட்டமே ஒரு இடத்தில மேடாயும் ஒரு இடத்தில பள்ளமாயும் நிக்குது."

"கடலில மேடோ?" நம்பவில்லை.

நான் தங்கியிருக்கும் வீட்டில் சின்னம்மாவுக்கு வேறு கவலை. "ஆம்பிளையளோட காடு வழிய போய்வந்தால் ஆர் கலியாணம் பேசி வருவினம்?"

யூலை 8, புதன்
பிழை பிடிபட்டது. தேத்தண்ணி ஆறிப்போனதும் தெரியவில்லை.

மாங்குளம் வீதியில் அடுத்தடுத்து ஐந்து இடம் அளந்திருக்கிறோம். ஐந்தும் சொல்வது ஒரே கதை. நான் ஐந்து சாட்சியாக எண்ணிவிட்டேன். ஒரே வீட்டுக்காரர் ஐந்து பேர் வந்து சொன்னாலும் சாட்சி ஒன்றுதானே.

அளந்த இடங்களைச் சோடி சோடியாக எடுத்து, தூரம் கூடக் கூட ஒற்றுமை எப்படிக் குறைகிறது என்று ஒரு வளைகோடு. அதிலிருந்து சமன்பாடுகள். யார் யாருடைய கதையைத் திருப்பிச் சொல்கிறார் என்பதும் இப்போது கணக்கில் உண்டு. கணக்குப் போடும் கைப்பொறியைச் சுற்றிச் சுற்றித் தோள்மூட்டு நோகிறது. ஒட்டுசுட்டானில் பிழை இப்போது ஒரு மில்லிகல்லுக்குள் வந்துவிட்டது.

பிறகு நாயாறு. எண்ணை எழுதி, இரண்டு மில்லிகல் கூடலாம் குறையலாம் என்றும் சேர்த்து ஐயாவிடம் கொடுத்தேன்.

"எவ்வளவு பிழை வரும் எண்டும் நீங்களே சொல்லுறீங்களோ?"

"ஓம் ஐயா. அதுவும் அதே சமன்பாட்டில வரும்."

யூலை 9, வியாழன்
நாயாறு. மணலில் ஜீப் புதைந்து இரண்டு முறை தள்ளினோம். காற்று கருவியை நிற்க விடவில்லை. காசிம் காக்கா பாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயா திரும்பத் திரும்ப வாசித்தார். நீர் விளிம்பிலிருந்து உயரம் எடுத்து, ஜீப்பின் மூக்கில் தாளை வைத்துத் திருத்தம் எல்லாம் நானே போட்டேன்.

நான் சொன்ன எண்ணுக்கும் அளந்ததற்கும் வித்தியாசம் ஒரு மில்லிகல்லுக்கும் குறைவு.

ஐயா பென்சிலை வாங்கி முழுவதையும் முதலிலிருந்து தானே போட்டுப் பார்த்தார். "சரிதான், பிள்ளை. நான் நினைக்கயில்லை."

காக்கா கரையில் மீன் வாங்கும்போது வலைக்காரருக்குச் சொன்னது காதில் விழுந்தது: "இந்த மிஸ் இதுக்கு முதல் இஞ்ச வந்ததேயில்லை. வரமுதலே சரியாச் சொல்லிப்போட்டா." வீடு வரும்வரை சிரிப்பை அடக்க முடியவில்லை.

யூலை 10, வெள்ளி
காடு நிரம்பிவிட்டது. அளந்த இடத்தில் முழுக்கோடு, கணித்த இடத்தில் புள்ளிக்கோடு. படத்தின் மூலையில் 'காட்டுப் பகுதி கணித்தவர்' என்று எழுதி என் முழுப் பெயரையும் போட்டார் ஐயா. மை காயும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

சின்னம்மா: "காட்டுக்குள்ள போகாமலே செய்தனீயோ? அப்ப நல்லது."

பின்னேரம், அடுத்த கிழமை பூநகரிப் பக்கம் என்றார் ஐயா. எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று காக்கா கேட்டார்.

"அவசரப்படாதை, காசிம். முதல் பிள்ளை எண்ணைத் தரட்டும். பிறகு ஜீப்பை எடுப்பம்."