அட்டையில் ஓர் அறை கூடுதல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் சௌக்கியம். தம்பிக்கு இருமல் விட்டுவிட்டது. போனில் நீங்கள் எது கேட்டாலும் எனக்கு ‘உம்’ தவிர வேறு வார்த்தை வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தெருவை இடித்துப் பதினாறு மாடி கட்டப்போவதாக அம்மா சொன்னதற்கு, லிப்ட் வைத்த வீடென்றால் நல்லதுதானே என்றீர்களாம். அதன் பிறகு ஒரு ஆர்க்கிடெக்ட் அக்கா வந்தார். உயரமாக அடுக்காமலே முப்பது குடும்பமும் இங்கேயே இருக்கலாம் என்றார். படிக்கட்டு மாதிரி மூன்று அடுக்கு. கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்கு முற்றம். அவரவர் வீட்டை அவரவரே அட்டையில் செய்யச் சொன்னார். தையல்கடை டேப்போடு போய் முப்பது வீட்டுக்கும் நான்தான் அளந்து வெட்டினேன். பள்ளிக்கூடத்தில் வராத கணக்கு, கத்தரிக்கோலைப் பிடித்தால் வருகிறது.

எல்லா வீட்டையும் சேர்த்து வைத்து, டார்ச் விளக்கைச் சூரியன் போல நகர்த்திக் காட்டினார் அந்த அக்கா. பிளம்பர் மாமாவின் தண்ணீர்த்தொட்டி நிழல் நம் துணிக்கொடி மேல் விழுந்தது. “ஏங்க, உங்க தொட்டி வெயில் காய, என் துணி ஈரமாவே கிடக்கணுமா?” என்றாள் அம்மா. அவர் முணுமுணுத்துக்கொண்டே தொட்டியைத் தள்ளி வைத்தார்.

அம்மா மூன்று பேருக்குத்தான் அளவு சொல்லியிருந்தாள். நான் நான்கு பேருக்கு வெட்டிவிட்டேன். “நாலு வருஷமா வராத ஆளுக்கு எதுக்குடி ரூம்?” என்றாள். ஒட்டியாகிவிட்டது, பிய்த்தால் சுவரே கிழியும் என்றேன். பொய்தான். பசை காயவே இல்லை. அம்மாவும் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொண்டு, அறையை அப்படியே விட்டுவிட்டாள்.

முப்பது பேரும் கையெழுத்துப் போட்டால்தான் இது நடக்கும். ஒன்று குறைந்தாலும் பதினாறு மாடிதான். இருபத்தொன்பது சேர்ந்துவிட்டது. நம் வீடு உங்கள் பேரில் இருக்கிறது. நீங்கள் கிரேன் ஓட்டிக் கட்டும் கட்டடங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மேலிருந்து பார்த்தால் யார் முகமும் தெரிவதில்லை என்று ஒருமுறை நீங்கள்தான் சொன்னீர்கள்.

படிவம் இதோடு இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் தபாலில் அனுப்பினாலும் போதுமாம். ஆனால் உங்கள் அறைக்கு நான் இன்னும் ஜன்னல் வெட்டவில்லை. எந்தப் பக்கம் வேண்டும் என்பதை நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும், அப்பா.

உயரத்தில் காற்று அதிகமாக இருந்தால் இறங்கிவிடுங்கள்.

உங்கள் மகள்