கடல் என்று குறித்த கட்டம்

இன்று கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் துறைமுகப் பக்கமிருந்து கப்பல் புகை மணத்தது. உன் ஓராண்டு நினைவுப் பூசைக்கு வந்திருந்தேன். கோயில் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பல்கலைக்கழகத்தில் நாம் இருவரும் மூன்றாம் வருட மாணவர்களுக்கு, காற்றில் கலக்கும் புகை எங்கே போகிறது, போகும் வழியில் என்னவாக மாறுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் காட்டினோம். விரிவுரை எனக்கு, செய்முறை வகுப்பு உனக்கு. கொழும்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கை ஓடவிட்டால், உன் கொட்டாஞ்சேனைக் கட்டம் ஒவ்வொரு முறையும் என் வெள்ளவத்தையை விடச் சுத்தமாக வந்தது. ஒருநாள் நீ ஜன்னல் துடைத்த துணியை வகுப்புக்கே கொண்டுவந்தாய். கரி அப்பியிருந்தது.

"உன்ட கம்ப்யூட்டரை ஒருக்கா என்ட ஜன்னலைத் துடைக்கச் சொல்லு பாப்பம்."

"துணியெல்லாம் டேட்டா இல்லையடி. கொட்டாஞ்சேனை ஆக்கள் குசினி அடுப்புப் புகைக்கும் கப்பலைத்தான் குறை சொல்லுவீங்கள்" என்றேன். மாணவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தபடியே துணியை மடித்துப் பைக்குள் வைத்தாய்.

அந்தக் கரி கண்ணை விட்டுப் போகாததால்தான் ஒருநாள் தனியாக இருந்து கோப்புகளைத் திறந்தேன். பாதிக்கு மேல் தண்ணீர் உள்ள கட்டத்தை முழுக்கக் கடலாக எடுக்கும்படி நானே எழுதியிருந்தேன். துறைமுகத்தோடு சேர்ந்து உன் தெருவும் கடலாகியிருந்தது. கடலில் பஸ் இல்லை, அடுப்பு இல்லை, ஆட்களே இல்லை. கப்பல் புகையையோ நான் சேர்க்கவே இல்லை.

திருத்திவிட்டு வகுப்பில், "நான் ஒரு பிழை கண்டுபிடித்தேன்" என்று தொடங்கினேன். பின்வரிசையில் ஒரு மாணவிக்குக் குனிந்து உதவிக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு மறுபடி குனிந்துகொண்டாய். மத்தியானம் வழக்கம்போல உன் சோற்றுப் பார்சலிலிருந்து ஒரு மீன் துண்டை என் பக்கம் தள்ளினாய். நானும் சாப்பிட்டேன்.

வருடந்தோறும் அந்தப் பிழையைப் பாடமாக நடத்துகிறேன். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வகுப்பு அது. அதில் துணியும் இல்லை, நீயும் இல்லை.

பூசை முடிந்ததும் உன் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கடல் பிழையை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் பிடிச்சதெண்டு எங்கட அக்கா எப்பவும் சொல்லுவா. அப்பிடித்தானே மிஸ்?"

இல்லை, அது உங்கட அக்கா பிடிச்சது என்று சொல்ல ஒரு நொடி போதும். உன் தங்கச்சி காத்துக்கொண்டு நின்றாள்.

"ஓம், அப்பிடித்தான்" என்றேன்.

உன் வீட்டில் நீயாக எனக்கு விட்டுக்கொடுத்த பாதியையும் வாங்கிக்கொண்டேன். வீடு வந்து இவ்வளவு நேரமாகியும் அந்த "ஓம்" என் வாயை விட்டுப் போகவில்லை.