மே மாதத்து வாலாட்டி

உங்களுக்கு,

உங்கள் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். நம் பறவை நோட்டை மட்டும் தரமாட்டேன்.

"உனக்குத்தான் முட்டி வலிக்குதே, நீ படு. நான் மட்டும் ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று ஞாயிறுதோறும் கிளம்பினீர்கள். திரும்பி வந்ததும் நோட்டில் மீன்கொத்தி, நீர்க்காகம் என்று எழுதினீர்கள். போன மே மாதம் மஞ்சள் வாலாட்டி என்று எழுதியிருக்கிறீர்கள்.

குளிருக்கு வந்து, வெயில் ஏறுமுன் பறந்துவிடும் அந்தக் குருவி, உங்களுக்காக மட்டும் மே மாதம்வரை காத்திருந்ததாக்கும்! நீங்கள் ஏரிப் பக்கமே போகவில்லை என்று அன்றே புரிந்துவிட்டது.

அவளைப் பற்றி ஒன்றும் கேட்கப்போவதில்லை. அதற்குமுன் பன்னிரண்டு வருடம் ஏரிக்கரையில் என் பக்கத்தில் நின்று பைனாகுலரில் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

இப்படிக்கு,
முட்டிவலிக்காரி